ஆய்வகம் மட்டுமே என்ற பிடிவாதம்

சென்ற இதழில் வந்த கட்டுரையின் வாதம் இதுதான். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா நோயைத் தூக்க ஆய்வகத்தில் ஓர் இரவு படுக்க வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் கருவியால் செய்வது அரைகுறைச் சோதனை. அதை நம்பிச் சிகிச்சை தொடங்குவது நோயாளியை ஏமாற்றும் வேலை. எழுதியவர் துறையில் மூத்தவர். அவர் சொன்னதால் பலர் நம்புவார்கள். நம்பியவர்களில் பெரும்பாலோர் ஆய்வகத்துக்கும் போகமாட்டார்கள், வீட்டுச் சோதனையும் செய்துகொள்ளமாட்டார்கள். அவர்களுக்காகத்தான் இந்த எதிர்வினை.

நான் சேலம், நாமக்கல் பக்கத்தில் நுரையீரல் நோய் பார்க்கும் மருத்துவன். இது லாரித் தொழிலின் ஊர். ஸ்டியரிங்கில் கண் சொருகுகிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை வாரம்தோறும் பார்க்கிறேன். கட்டுரையாளர் எழுதிய ஒவ்வொரு வரியும் அவர்களைப் பாதிக்கும். ஆகவே அவருடைய குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் குற்றச்சாட்டு, வீட்டுக் கருவியில் இ.இ.ஜி. இல்லை என்பது. மூளை அலையைப் பதியாததால், ஆள் தூங்கினாரா, புரண்டு படுத்துக்கொண்டிருந்தாரா என்று அதற்குத் தெரியாது. இது உண்மை. கருவி ஓடிய நேரம் முழுவதையும் அது கணக்கில் கொள்கிறது. ஒருவர் 8 மணி நேரம் கருவியோடு படுத்திருந்து 5 மணி நேரமே தூங்கினார், அந்த இரவில் 90 முறை மூச்சு தடைபட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆய்வகம் 90-ஐ 5-ஆல் வகுக்கும். மணிக்கு 18 என்று வரும். வீட்டுக் கருவி 8-ஆல் வகுக்கும். மணிக்கு 11 சொச்சம் வரும். மணிக்கு 5 முதல் 15 வரை லேசான நோய், 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை என்பது நடைமுறை. ஆக, நடுத்தர நோயாளி ஒருவர் லேசான நோயாளியாகிவிட்டார். ஆக்சிஜனை இறக்காமல் தூக்கத்தை மட்டும் கலைத்துவிட்டுப் போகும் மூச்சுக் குறைவுகளும் வீட்டுப் பதிவில் தப்பிவிடும்.

இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கட்டுரையாளர் யோசித்துப் பார்த்தாரா? இ.இ.ஜி. இல்லாததால் எண் குறைந்துதான் வரும். வீட்டுக் கருவியே மணிக்கு 40 என்று காட்டினால், ஆய்வகத்தில் அதே இரவு அதற்கும் மேலேதான் காட்டியிருக்கும். ஆகவே இந்தக் குறைபாடு ‘நோய் இல்லை’ என்ற முடிவைத்தான் சந்தேகிக்கச் சொல்கிறது. ‘நோய் இருக்கிறது’ என்ற முடிவை அது அசைப்பதில்லை. கட்டுரையாளரோ அடுத்த பத்தியிலேயே, இதே குறைபாட்டைக் காரணம் காட்டி, வீட்டுச் சோதனை நோயில்லாதவர்கள் தலையில் சிபேப் மெஷினை (காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும் கருவி) கட்டிவிடும் என்கிறார். குறைத்துக் காட்டும் கருவி அதே காரணத்தால் மிகைப்படுத்தியும் காட்டும் என்று சொல்ல எந்தத் தர்க்கமும் இடம் கொடுக்காது. இரண்டு பயங்களையும் ஒரே கயிற்றில் கட்டி வாசகர் தலையில் ஏற்றியிருக்கிறார்.

நோயில்லாதவருக்கு நோய் என்று வரும் வாய்ப்பே இல்லையா? உண்டு. மூக்குக் குழாய் நழுவி விழுந்ததைக் கணினி மூச்சு நின்றதாக எண்ணிவிடலாம். அது பதிவை யாரும் கண்ணால் பார்க்காததால் வரும் கேடு. பயிற்சி பெற்ற ஒருவர் பதிவை நிமிடம் நிமிடமாகத் தள்ளிப் பார்த்தால் சில நொடியில் தெரிந்துவிடும்: காற்றுக் கோடு தட்டையாகக் கிடக்கும், ஆனால் நெஞ்சு சீராக ஏறி இறங்கும், ஆக்சிஜன் 97-ஐ விட்டு அசைந்திருக்காது. கணினி அச்சடித்த எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற மருத்துவரைக் கண்டியுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். அவருடைய சோம்பலுக்குக் கருவியைத் தண்டிக்காதீர்கள்.

இரண்டாவது குற்றச்சாட்டு, தொண்டை அடைத்து மூச்சு நிற்பதையும் மூளை கட்டளை தராமல் மூச்சு நிற்பதையும் வீட்டுக் கருவியால் பிரித்தறிய முடியாது என்பது. அவர் எந்தக் கருவியைப் பார்த்து இதை எழுதினார் என்று தெரியவில்லை. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு எழுதியிருந்தால் சரி. அதை யாரும் ஸ்லீப் ஆப்னியாவுக்குப் போதுமான சோதனை என்று சொல்வதில்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவர்கள் 1994-லேயே இந்தக் கருவிகளை நான்கு வகையாகப் பிரித்துவிட்டார்கள். முதல் வகை ஆய்வகத்தில் ஆள் உட்கார்ந்து கவனிக்கும் முழுச் சோதனை. மூன்றாம் வகையில் மூக்கின் காற்றோட்டம், மூச்சு முயற்சி, ஆக்சிஜன், நாடித்துடிப்பு எல்லாம் பதிவாகும். ஒன்றிரண்டு அளவை மட்டும் எடுப்பது நான்காம் வகை. நான் பேசுவது மூன்றாம் வகையைப் பற்றி. கட்டுரையாளர் நான்காம் வகையின் குறையைக் காட்டி மூன்றாம் வகையை வெட்டுகிறார்.

மூன்றாம் வகைப் பதிவு ஒன்றைத் திரையில் வைத்துப் பாருங்கள். காற்றுக் கோடு சிறுத்துக்கொண்டே வந்து படுத்துவிடுகிறது. முப்பது நொடி, நாற்பது நொடி அப்படியே கிடக்கிறது. அதன் கீழே நெஞ்சுப் பெல்ட்டின் கோடும் வயிற்றுப் பெல்ட்டின் கோடும் ஓயவில்லை. ஒன்று ஏறும்போது மற்றது இறங்குகிறது. அடைத்த தொண்டைக்கு எதிராக உடல் இழுத்துப் போராடுகிறது. பிறகு ஒரு பெரிய மூச்சு பீறிட்டு வருகிறது, குறட்டைக் கோடு துள்ளுகிறது, நாடி ஏறுகிறது. ரத்தம் நுரையீரலிலிருந்து விரலுக்கு வந்துசேர நேரம் பிடிப்பதால், ஆக்சிஜன் கோடு சற்றுத் தாமதித்துச் சரிந்து 80-ஐத் தொட்டு மேலேறுகிறது. ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் அதே கதை. இது தொண்டை அடைப்பு. மூளை கட்டளை தராத வகையில் அந்த இரண்டு பெல்ட்டுக் கோடுகளும் காற்றுக் கோட்டோடு சேர்ந்தே படுத்துவிடும். இதைப் பிரித்துப் பார்க்க மண்டையில் மின்முனை ஒட்ட வேண்டியதில்லை. மூளை கட்டளை தராத அந்த வகை தென்பட்டால் அவரை ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும் என்று சொல்வதும் இதே வீட்டுக் கருவிதான்.

மூன்றாவதாக, ஆய்வகச் சோதனையே தங்கத் தரம், அதோடு ஒத்துவராத எதுவும் பிழை என்கிறார். அந்தத் தங்கத்தையும் கொஞ்சம் உரசிப் பார்க்கவேண்டும். ஆய்வகப் பதிவில் மூச்சுக் குறைவை எப்படி எண்ணுவது என்பதற்கே ஒரே விதி இல்லை. ஆக்சிஜன் 3 சதவீதம் இறங்கினாலோ தூக்கம் கலைந்தாலோ எண்ணலாம் என்பது ஒரு விதி. 4 சதவீதம் இறங்கினால்தான் எண்ணவேண்டும் என்பது இன்னொன்று. மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2009-இல் ஒரே ஆய்வகப் பதிவுகளை அப்போது புழக்கத்தில் இருந்த வெவ்வேறு விதிகளால் எண்ணிப் பார்த்தார்கள். ஒரு விதியில் வந்த எண், இன்னொன்றில் வந்ததில் சுமார் 30 சதவீதம்தான். அதே ஆட்கள், அதே இரவு, அதே கம்பிகள். விதி மாறியதும் கடுமையான நோயாளி லேசான நோயாளி ஆகிறார்.

அடுத்தது, ஒரே இரவை வைத்துத் தீர்ப்புச் சொல்வது. புதிய இடத்தில் முதல் இரவு தூக்கம் கெடும் என்று 1966-லேயே ஆய்வாளர்கள் எழுதிவைத்துவிட்டார்கள். நோயும் ஒவ்வொரு இரவும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மல்லாந்து படுத்த இரவில் கூடும். குடித்த இரவில் கூடும். மூக்கடைத்த இரவில் கூடும். 2022-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, மெத்தைக்கடியில் வைக்கும் உணரியால் 67,000 பேருக்கும் மேற்பட்டவர்களின் பல இரவுகளைப் பார்த்தது. ஒரே இரவை நம்பினால் சுமார் ஐந்தில் ஒருவருக்கு நோய்க்கணிப்பு தவறிப்போகலாம் என்று கண்டது. ஆய்வகத்தில் ஒருவருக்குக் கிடைப்பது அந்த ஒரே இரவுதான். அதுவும் தலை முழுக்கப் பசை, முகத்தில் ஒட்டுத்தாள், மோவாயிலும் கால்களிலும் கம்பி, மேலே ஒரு கேமரா, காலையில் வேலை நேரம் முடியும்போது எழுப்பிவிடும் டெக்னீஷியன் என்ற நிலையில்.

லாரி ஓட்டுநருக்கு இது இன்னும் பொருந்தாது. இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவர் அவர். ஆய்வகமோ இரவில்தான் திறந்திருக்கும். ராத்திரி பத்து மணிக்குப் படு என்றால் அவர் உடல் கேட்குமா? வீட்டுக் கருவியை அவர் தூங்கும் நேரத்தில், தூங்கும் பாயில், தூங்கும் விதத்திலேயே மாட்டிக்கொள்ளலாம். எங்கள் கிளினிக்கில் மாலையில் நர்ஸ் ஒருமுறை கட்டிக் காட்டுவார்: நெஞ்சுக்கு ஒரு பெல்ட், வயிற்றுக்கு ஒரு பெல்ட், மூக்குக் குழாயைக் காதைச் சுற்றி எடுத்துக் கன்னத்தில் பிளாஸ்திரி, ஆள்காட்டி விரலில் க்ளிப். பிறகு எல்லாவற்றையும் அவிழ்த்து அவரிடமே கொடுத்து, இப்போது நீங்கள் கட்டுங்கள் அண்ணே என்பார். தார்ப்பாய்க்குக் கயிறு இழுத்துக் கட்டிப் பழகிய கைகள். அவர்களுக்கு அந்தப் பெல்ட்டு ஒரு பொருட்டே இல்லை. படிப்பு குறைந்தவர்களால் இந்தக் கருவியை மாட்டிக்கொள்ள முடியாது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது அவர்களைப் பார்க்காமலே எழுதியது.

இனி அந்தக் கட்டுரையின் பெரிய மௌனத்துக்கு வருகிறேன். எண்கள் ஒத்துப்போகின்றனவா என்பதை மட்டுமே அது கேட்கிறது. நோயாளி தேறினாரா என்ற கேள்வியை எங்கும் கேட்கவில்லை. மருத்துவச் சோதனை ஒன்றின் மதிப்பு, அதை நம்பிச் செய்த சிகிச்சையில் ஆள் நலமடைந்தாரா என்பதில் இருக்கிறது. இந்தக் கேள்விக்கு விடை தேடிச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த ஆய்வுகள் பல உண்டு. அவற்றில் ஒன்றைக்கூட அவர் குறிப்பிடவில்லை.

கனடாவின் வான்கூவரில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வு, நோய் இருக்க அதிக வாய்ப்புள்ள 68 பேரை எடுத்துக்கொண்டது. ஆய்வக வழியில் போனவர்களுக்கும் வீட்டு வழியில் போனவர்களுக்கும் மூன்று மாதம் கழித்துச் சிகிச்சைப் பலனில் வேறுபாடில்லை. சிபேப் மெஷினை ஒழுங்காகப் போட்டுக்கொண்டதில் வீட்டு வழிக்காரர்கள்தான் மேல். அமெரிக்காவில் 373 பேரைக் கொண்டு நடந்து 2012-இல் வெளியான ஆய்விலும் வீட்டு வழி பின்தங்கவில்லை. அங்கும் மெஷினைக் கூடுதல் நேரம் பயன்படுத்தியவர்கள் வீட்டு வழிக்காரர்களே. ஸ்பெயினில் 430 பேரை ஆறு மாதம் தொடர்ந்து பார்த்து 2017-இல் வெளியிட்ட ஆய்விலும் பகல் தூக்கம் குறைந்ததில் வீட்டு வழி ஆய்வகத்துக்கு இளைக்கவில்லை, செலவு குறைந்தது. அதே ஆண்டு ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று முழுச் சோதனை, மூன்றாம் வகை, நான்காம் வகை மூன்றையும் ஒப்பிட்டது. மூன்றாம் வகை முழுச் சோதனைக்கு நிகராக நின்றது. நான்காம் வகை நிற்கவில்லை. எந்தக் கருவி போதும், எது போதாது என்று இவ்வளவு தெளிவாகப் பிரித்துச் சொன்ன சான்று கையில் இருக்கும்போது, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வெளியே எறிவது அறிவியலாகாது.

அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், வீட்டுச் சோதனையை ஏற்று சிபேப்புக்குப் பணம் தர 2008-இல் முடிவெடுத்தது. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம், அதாவது அந்நாட்டு ஆய்வகங்களுக்குத் தரச்சான்று வழங்கும் அமைப்பு, 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வேறு சிக்கல் இல்லாத, நடுத்தரம் அல்லது கடுமையான நோய் இருக்கலாம் என்று அறிகுறிகள் காட்டுகிற பெரியவர்களுக்கு ஆய்வகமோ வீட்டுச் சோதனையோ இரண்டும் தகும் என்கிறது. ஆய்வகத்தில் வைத்துத்தான் மெஷினின் அழுத்தத்தை முடிவுசெய்ய முடியும் என்று கட்டுரையாளர் சொல்வதற்கும் அதே கழகம் 2019-இல் பதில் தந்துவிட்டது. இத்தகைய நோயாளிகளுக்குத் தானே அழுத்தத்தை மாற்றிக்கொள்ளும் மெஷினை வீட்டிலேயே தொடங்கலாம் என்பது அதன் பரிந்துரை. ஆய்வகங்களின் நலனைக் காக்க வேண்டிய அமைப்பே ஒப்புக்கொண்டதை மறுக்க, அதைவிட வலுவான சான்று வேண்டும். கட்டுரையில் அப்படி ஒன்றும் இல்லை.

நான்காவது குற்றச்சாட்டு வியாபாரம் பற்றியது. மெஷின் விற்கிற டீலரே வீட்டுக்கு வந்து கருவியை மாட்டி, மறுநாள் காலை ரிப்போர்ட்டையும் பில்லையும் சேர்த்து நீட்டுகிறார் என்கிறார். இது நடக்கிறது. வெட்கக்கேடு. இதில் அவரைவிட எனக்குக் கோபம் அதிகம். ஆனால் இதற்கு மருந்து சோதனையையும் விற்பனையையும் பிரிப்பது. வீட்டுச் சோதனையை நடத்தியவரே மெஷினையும் விற்றால் மெடிகேர் பணம் தராது என்ற விதி 2009-இல் அங்கே நடைமுறைக்கு வந்தது. இங்கேயும் அப்படிக் கேளுங்கள். மருத்துவர் பரிசோதித்த பிறகே சோதனை, மூலப்பதிவைப் பார்த்தவர் கையெழுத்து, விற்பவருக்குச் சோதனையில் இடமில்லை என்று மூன்று விதிகள் போதும். ஆய்வகம் வைத்திருக்கும் மருத்துவமனையே வாசலில் மெஷின் விற்கும்போது அது கட்டுரையாளரின் கண்ணில் படவில்லை. வணிக ஆசைக்கு வீடும் ஆய்வகமும் ஒன்றுதான்.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். உலகில் 30 முதல் 69 வயதுக்குள் 93 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் இருக்கலாம் என்று 2019-இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேல், அதில் நடுத்தரமும் கடுமையுமாக 4 கோடியே 70 லட்சம் என்று 2023-இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்களின் தொகுப்பாய்வு சொன்னது. நாட்டில் இரண்டு கட்டில் கொண்ட ஆய்வகம் ஆயிரம் இருப்பதாகவும், பொங்கல் தீபாவளி பாராமல் 365 இரவும் இரண்டு கட்டிலும் நிரம்புவதாகவும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 7 லட்சத்து 30 ஆயிரம் பேர். இந்த 4 கோடியே 70 லட்சம் பேரை மட்டும் பார்த்து முடிக்கவே 64 ஆண்டு ஆகும். சோதித்துப் பார்த்து நோயில்லை என்று தெரியப்போகிறவர்களை நான் இதில் சேர்க்கவே இல்லை. குடல் கூழுக்கு அழுகிறது. கட்டுரையாளர் கொண்டைக்குப் பூ வைக்கச் சொல்கிறார்.

இந்தக் காத்திருப்பு வெறும் காத்திருப்பு அல்ல. இந்த நோய் உள்ளவர்கள் சாலை விபத்தில் சிக்கும் ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் இரண்டரை மடங்கு என்று 2009-இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. சிபேப் போட்டுக்கொண்டால் அந்த ஆபத்து இறங்குகிறது. கழுத்து தடித்து, ரத்த அழுத்தம் ஏறி, தூக்கத்தில் மூச்சு நிற்கிறது என்று மனைவி பயந்துபோய்ச் சொல்லி அழைத்துவந்த ஒரு ஓட்டுநரிடம், கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ போய் ஓர் இரவு படுத்துவிட்டு வாருங்கள் என்று சீட்டு எழுதிக்கொடுத்தால் அவர் போகமாட்டார். இரண்டு நாள் கூலி போகும், துணைக்கு ஒருவர் வரவேண்டும், கட்டணம் கையைக் கடிக்கும். அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அன்று இரவு பதினாறு சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு தேசிய நெடுஞ்சாலையில் ஏறுவார். கட்டுரையாளர் கணக்கில் அவர் தவறான சோதனையிலிருந்து காப்பாற்றப்பட்டவர். என் கணக்கில் கைவிடப்பட்டவர்.

அப்படியானால் ஆய்வகமே வேண்டாமா? கட்டாயம் வேண்டும். யாருக்கு வேண்டும் என்பதில்தான் சண்டை. இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், நுரையீரல் நோய் முற்றியவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், தசை பலவீன நோயாளிகள், அபின் வகை வலி மருந்தை நெடுநாள் எடுப்பவர்கள், கடுமையான தூக்கமின்மை உள்ளவர்கள், மூச்சு ஆழம் குறைந்து கரியமில வாயு தேங்குகிறது என்று சந்தேகிக்கப்படுபவர்கள், குழந்தைகள் ஆகியோருக்கு வீட்டுச் சோதனை போதாது. தூக்கத்தில் எழுந்து கைகால் வீசுபவர்களுக்கும் பகலில் திடீரென்று தூங்கி விழும் வேறு நோய் இருக்கலாம் என்பவர்களுக்கும் ஆய்வகமே வழி. வீட்டுச் சோதனையில் பதிவு சரியாக விழவில்லை என்றாலும், அறிகுறி பலமாக இருந்தும் ‘இல்லை’ என்று வந்தாலும், அங்கே நிறுத்தக்கூடாது. ஆய்வகத்துக்கு அனுப்பியே ஆகவேண்டும். கட்டுரையாளர் பெரிய கண்டுபிடிப்பாக முன்வைக்கும் எச்சரிக்கைகள் எல்லாம் வீட்டுச் சோதனையை ஆதரிக்கும் வழிகாட்டுதலிலேயே எழுதப்பட்டவை. எல்லையைச் சொன்னவர்கள் ஆதரவாளர்கள். அந்த எல்லையை எடுத்துத் தடையாக மாற்றியவர் இவர்.

அவருடைய பிடிவாதத்துக்கு அதிக விலை கொடுப்பவர்களும் இதே கடினமான நோயாளிகள்தான். சாதாரணக் குறட்டைக்காரர்கள் எல்லோரையும் ஆய்வகத்துக்கு அனுப்பினால், பக்கவாதம் வந்தவரும் இதயம் வீங்கியவரும் அந்த வரிசையின் கடைசியில் நிற்பார்கள். ஆய்வகக் கட்டில் அருமையானது என்று நம்புகிறவர் அதை அவசியமானவர்களுக்கு ஒதுக்கச் சொல்லவேண்டும். எளிதான நோயாளியை வீட்டில் சோதிப்பதே ஆய்வகத்துக்குக் காட்டும் மரியாதை.

கட்டுரையாளரிடம் நேராகவே கேட்கிறேன். சிக்கலற்ற, அறிகுறி தெளிவாக உள்ள ஒரு பெரியவருக்கு, மூன்றாம் வகைக் கருவியால் சோதித்து மருத்துவர் பதிவைப் பார்த்துச் சிகிச்சை தொடங்கியதால், ஆய்வகத்துக்குப் போனவரைவிட மோசமான பலன் கிடைத்தது என்று காட்டும் ஆய்வு உங்களிடம் இருந்தால் அடுத்த இதழில் வையுங்கள். இல்லாவிட்டால், உங்கள் கட்டுரையை நம்பிக் கருவியைத் திருப்பிக் கொடுத்தவர்களிடம் அதைத் திரும்ப வாங்கி மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். மூத்தவர் என்ற முறையில் அந்தக் கடமை உங்களுக்கு உண்டு. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மூன்றாம் வகைக் கருவிகளும், பதிவைப் படிக்கத் தெரிந்த ஆட்களும், விற்பனையிலிருந்து விலகிய சோதனையும் வேண்டும் என்று நாம் இருவரும் சேர்ந்து கேட்டால் அது நடக்கும். ஓட்டுநர்களுக்குப் பார்வைச் சோதனை கேட்கிற நாடு, அவர்களின் தூக்கத்தையும் சோதிக்கக் கேட்கவேண்டும். அந்தச் சோதனை அவர்கள் ஊரிலேயே, அவர்கள் வீட்டிலேயே நடக்கட்டும்.